செடிப் பெட்டிக்கு லைட் வாங்கும் முன்

ஊட்டிப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீரில் கீரையும் லெட்டூஸும் வளர்க்க ஆசைப்படுபவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியில் வைத்தால் ஜனவரி உறைபனி கருக்கிவிடும். ஜூனில் மழை பிடித்தால் வெயிலைத் தேட வேண்டும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் மழைக்கும் அதே கதைதான். ஆகவே பழைய அலமாரி ஒன்று, உள்ளே தொட்டி, மேலே லைட். தொட்டியையும் உரக்கரைசலையும் வீடியோ பார்த்தே ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள். எலக்ட்ரீஷியனான என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் லைட் விஷயத்துக்குத்தான்.

'செடி லைட்' என்று விற்கும் ஊதா விளக்கில் செடி வளரும், பொய் இல்லை. ஆனால் செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டும் போதும் என்பது அரைகுறைப் பேச்சு. 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி முழுவதும் இலைக்குப் பயன்படும், பச்சை உட்பட. மெக்ரீ என்ற ஆய்வாளர் 1972-லேயே பல பயிர்களில் இதை அளந்து காட்டிவிட்டார். தவிர, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதும் அசுவினி ஏறுவதும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஹாலில் மாட்டும் சாதாரண வெள்ளை எல்.இ.டி. பேட்டனே (டியூப் லைட் போல நீளமான பட்டை விளக்கு) போதும் என்பது என் கட்சி. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் 4000 கெல்வின் என்று கிடைத்தால் நல்லது; 6500 என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

அட்டையில் '1000 வாட்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். வாட் மீட்டரில் சொருகிப் பார்த்தால் பல விளக்குகள் அதில் பத்தில் ஒரு பங்குதான் இழுக்கின்றன. இரண்டடிக்கு ஒன்றரை அடி பெட்டி என்று வைத்துக்கொள்வோம். கீரை வகைகளுக்கு இலை மட்டத்தில் 12,000 முதல் 15,000 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) வரை இருக்க வேண்டும். இரண்டடி நீள 10 வாட் பேட்டன் ஒன்று மொத்தமாகச் சுமார் 1,000 லூமன் வெளிச்சம் தரும். நான்கு மாட்டினால் கணக்குக்குச் சரி, ஓரங்களில் சிதறுவதையும் சேர்த்து ஐந்து மாட்டுங்கள். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, அதனால் இந்தக் கணக்கு வெள்ளை விளக்குக்கு மட்டும்தான். இலைக்கும் லைட்டுக்கும் அரை அடி இடைவெளி விடுங்கள். நாற்று நெடுநெடுவென்று போய்ச் சாய்ந்தால் லைட்டை இன்னும் இறக்குங்கள். உள்சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள். அலுமினியம் ஃபாயில் வேண்டாம், அதில் கரன்ட் பாயும்.

என்னைப் பயமுறுத்துவது வேறொரு சரக்கு. டிரைவரே (வீட்டுக் கரன்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) தேவையில்லை, நேராக 220 வோல்ட்டில் கொடுக்கலாம் என்று ஆன்லைனில் மலிவாக விற்கும் உள்ளங்கை அளவு எல்.இ.டி. தகடு. வயரைப் பற்றவைக்கும் புள்ளிகள் மூடியில்லாமல் இருக்கும், அவற்றில் முழு வீட்டுக் கரன்ட். கீழே இருப்பதோ உப்புச்சத்து கரைந்த தண்ணீர். கோத்தகிரியில் ஒரு வீட்டில், "அண்ணா, தொட்டியில கை வச்சா சுர்ருங்குது" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், சுற்றியிருந்த டேப் ஈரத்தில் பிரிந்து, வயர் அலுமினியத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தகடு இரும்பு ரேக்கில், ரேக்கிலேயே தொட்டி. பிளக் பாயின்டில் எர்த் இல்லை. நல்லவேளை, கை சுருக்கென்றதோடு போயிற்று. நம் ஊர் மூட்டத்தில் ஈரம் எந்தப் பெட்டிக்குள்ளும் போய்விடும், டேப்பை நம்பி அதை நிறுத்த முடியாது.

எனவே மூடிய பேட்டன் வாங்குங்கள், தூசியும் பீச்சும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி65 குறி போட்டது என்றால் இன்னும் நல்லது. தனி டிரைவர் உள்ள விளக்கானால் டிரைவரைப் பெட்டிக்கு வெளியே, தொட்டியை விட உயரத்தில் மாட்டுங்கள். வயர் பிளக்கை விடக் கீழே ஒரு தடவை தொங்கி, பிறகு மேலேறட்டும்; வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம். எர்த் இல்லாத பழைய வயரிங்கிலும் அது ஆளைக் காப்பாற்றும், ஆனால் ஆள் தொட்டு ஷாக் அடித்த பிறகுதான் டிரிப் ஆகும். எர்த் இருந்தால் கோளாறு வந்தவுடனே ஆகிவிடும். இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவு பெரிதில்லை. 50 வாட் தினம் 16 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட்.

அப்புறம் டைமர். முள் சுற்றும் மலிவு டைமர் கரன்ட் போனால் நின்றுவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து பத்து மணி நேரம் கரன்ட் இல்லையென்றால், அது அவ்வளவு நேரம் பின்தங்கி, ராத்திரியில் லைட்டைப் போட்டுப் பகலில் அணைக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். லெட்டூஸுக்கு 16 மணி நேரம் வையுங்கள். கொத்தமல்லிக்கு 12 போதும், அதற்கு மேல் போனால் சீக்கிரமே பூ விட்டுவிடும்.