பேட்டரி விலை இறங்கும்வரை பொறுக்கலாமா?

எலக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று யாரைக் கேட்டாலும் "கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார்கள். பேட்டரி விலை இறங்கிக்கொண்டே போகிறது, திடநிலை பேட்டரி வரப்போகிறது, இப்போது வாங்கினால் நஷ்டம் என்று காரணமும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால், யார் பொறுக்க வேண்டும், யாருக்கு அது வீண் என்பது ஓரளவு தெளிவாகவே பிரிந்துவிடும்.

முதலில் விலை. ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் உலகச் சராசரியின்படி, 2010-ல் ஒரு கிலோவாட்-மணி, அதாவது ஒரு யூனிட் மின்சாரம், கொள்ளும் பேட்டரியின் விலை 1,000 டாலருக்கும் மேல். 2023-ல் அது 139 டாலர், 2024-ல் 115 டாலர். நடுவில் 2022-ல் மட்டும் லிதியம் தட்டுப்பாட்டால் விலை ஏறியது. ஆக, இறக்கம் உண்மைதான், ஆனால் உத்தரவாதமில்லை.

நம் ஊரில் ஓடும் நடுத்தர மின்கார்களில் 45 கிலோவாட்-மணி பேட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 115 டாலர் கணக்கில் சுமார் நாலரை லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டு விலை பத்து விழுக்காடு இறங்கி, அந்த லாபம் முழுவதும் நம் கைக்கு வந்தாலும் மிச்சம் ஏறத்தாழ 45,000 ரூபாய்தான். நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த லாபத்தை விலைக் குறைப்பாகத் தராமல் பேட்டரியைப் பெரிதாக்கித் தருகின்றன. 2020-ல் 30.2 கிலோவாட்-மணியோடு வந்த டாடா நெக்ஸான் மின்காரில் இப்போது 45 வரை கிடைப்பது அப்படித்தான்.

எதிர்ப்பக்கத்தில் பெட்ரோல். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோல் என்றால் இரண்டு மாதத்துக்கு 13,000 ரூபாய்க்கு மேல் ஆகும். அதே தூரத்துக்கு மின்காருக்குச் சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து 320 யூனிட் வேண்டும். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கும் வீட்டில் இந்த 320 கூடும்போது, அது மேல் படிகளில்தான் போய் விழும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையிலும் கொஞ்சம் போய்விடும். ஆகவே காருக்கான யூனிட் சுமார் 9 ரூபாய் என்று வைப்பதே நியாயம். அப்படியும் 3,000 ரூபாய்க்குள் முடிகிறது. வருடத்துக்கு 60,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

பொறுத்தால் கிடைக்கும் 45,000, ஓட்டினால் கிடைக்கும் 60,000 என்ற இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார் வாங்கியே ஆக வேண்டிய நிலையில், மாதம் ஆயிரத்துக்கு மேல் ஓட்டுபவருக்குப் பொறுத்திருப்பதில் லாபமில்லை. பெட்ரோல் காரைவிட மூன்று லட்சம் கூடக் கொடுத்தாலும் ஐந்து ஆண்டில் திரும்பிவிடும். சின்ன பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 18 விழுக்காடாகக் குறைந்ததால் இந்த வித்தியாசம் முன்பைவிடக் கூடியிருக்கலாம், விலைப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் தாராளமாகப் பொறுக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் காரை விற்றுவிட்டு 15 லட்சம் கடன் வாங்க நினைப்பவருக்கும் அதுதான் என் பதில். 9 விழுக்காடு வட்டி என்றால் முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் போகும். பெட்ரோலில் மிச்சமாகும் பணம் அதற்குக் காணாது.

சரி, பேட்டரி எத்தனை நாள் உழைக்கும்? உண்மையான பயம் இதில்தான் இருக்கிறது. லிதியம் அயனி பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லிதியம் அயனிகள் நேர்மின்முனையிலிருந்து கிளம்பி, உள்ளே இருக்கும் திரவத்தைக் கடந்து, எதிர்மின்முனையான கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. கார் ஓடும்போது திரும்பி வருகின்றன. முதல் சில முறை சார்ஜ் ஏறும்போதே கிராஃபைட்டின் மேல், காய்ச்சிய பாலில் ஏடு படிவதைப் போல, ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. இந்தப் படலம் இல்லாவிட்டால் திரவம் சிதைந்துகொண்டே போகும், பேட்டரி பிழைக்காது. ஆனால் படலம் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே இருக்கும். அது தடிக்கத் தடிக்க, ஓட வேண்டிய லிதியம் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. காரின் ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம், குறைவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்தத் தேய்மானம் கார் சும்மா நின்றாலும் நடக்கும். அதை விரைவுபடுத்துபவை இரண்டு: வெப்பம், முழுச் சார்ஜிலேயே நாள்கணக்கில் நிறுத்திவைப்பது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய தோராயக் கணக்கு. சென்னை, வேலூர் வெயிலில் வாழும் நமக்கு இது சின்ன விஷயமில்லை. 2010 இறுதியில் வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குத் தனிக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் ஒன்றிரண்டு ஆண்டிலேயே பலருடைய கார்களில் கொள்ளளவு குறைந்தது. பிறகு நிறுவனம் கொள்ளளவுக்கென்றே உத்தரவாதம் கொடுக்க வேண்டிவந்தது. அன்று பொறுத்தவர்கள் செய்தது சரி.

இன்று நிலைமை வேறு. பெரும்பாலான புதுக் கார்களில் பேட்டரியைச் சுற்றிக் குளிர்ந்த திரவம் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான கார்களின் தரவுகளை ஆராய்ந்ததில் சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் சாதாரணமாகிவிட்டது.

இரண்டாவது மாற்றம் எல்.எஃப்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லிதியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இதன் தொடக்கத்தில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. மதுரைக் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் லிதியம் அயனி பேட்டரி ஆய்வின் முன்னோடியான அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். மலிவான இரும்பு, சாதாரண ஆக்சைடாக இருந்தால் குறைந்த வோல்டேஜ்தான் தரும். அதே இரும்பைச் சல்பேட் கூட்டுக்குள் வைத்தால் 3.6 வோல்ட் தருகிறது என்று இருவரும் காட்டினார்கள். அந்தப் பாதையில் நடந்துதான் குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வகம் 1990-களில் இரும்பு பாஸ்பேட்டை அடைந்தது. 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

எல்.எஃப்.பி.யில் பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் வெளியேறாது. தீப்பிடிக்கும் அபாயம், மின்கார்களில் வரும் மற்றொரு லிதியம் வகையான நிக்கல் பேட்டரியைவிடக் குறைவு. மூவாயிரம் முறைக்கு மேல் சார்ஜ் தாங்கும். எடை கூடுதல், அதே எடைக்கு ரேஞ்ச் குறைவு. வெயில் ஊருக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். இதன் வோல்டேஜ் கிட்டத்தட்ட மட்டமாகவே இருப்பதால் மீதம் எவ்வளவு என்பதைக் காரின் கணினி கணிக்கத் திணறும். அதனால்தான் அவ்வப்போது நூறு விழுக்காடு ஏற்றச் சொல்கிறார்கள். நிக்கல் பேட்டரி என்றால் அன்றாடத்துக்கு 80 விழுக்காடு போதும்.

அப்புறம் திடநிலை பேட்டரி. திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வழியாக அயனிகள் போகும். எடை குறையும், ரேஞ்ச் கூடும். சிக்கல் என்னவென்றால், இரண்டு திடப்பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்க வேண்டும். சார்ஜ் ஏறி இறங்கும்போது அவை விரிந்து சுருங்குவதால் இடைவெளி விழுகிறது. டொயோட்டா 2027-28 என்று இலக்கு வைத்திருக்கிறது. வந்தாலும் முதலில் விலை உயர்ந்த கார்களில்தான் வரும். பதினைந்து லட்ச ரூபாய்க் காரில் அதை எதிர்பார்த்து இன்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

சார்ஜ் பிளக் மாறிவிடுமோ என்ற கவலைக்கு ஒருகாலத்தில் நியாயம் இருந்தது. பாரத் டி.சி.-001 என்ற பழைய இந்தியச் சார்ஜ் முறையில் வந்த ஆரம்பக் கார்களுக்கு இன்றைய விரைவு சார்ஜர்கள் பொருந்துவதில்லை. இப்போது இந்தியக் கார்கள் சி.சி.எஸ்.-2 முறையில் நிலைத்துவிட்டன.

பொறுக்கச் சொல்ல என்னிடம் மிச்சமுள்ள வலுவான காரணம் உங்கள் வண்டி நிறுத்துமிடம். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டினால் ஏழு யூனிட்டுக்குள் போதும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். அடுக்குமாடியில் உங்கள் மீட்டரிலிருந்து கீழே ஒயர் இழுக்கச் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், பொது விரைவு சார்ஜரையே நம்ப வேண்டும். யூனிட் 20 ரூபாயை ஒட்டி வரும். மேலே போட்ட மிச்சக் கணக்கில் நல்ல பங்கு கரைந்துவிடும். அந்த அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு ஷோரூமுக்குப் போங்கள். போனதும் பேட்டரி எல்.எஃப்.பி.யா, திரவக் குளிரூட்டல் உண்டா, கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், காரை விற்றால் அந்த உத்தரவாதம் அடுத்தவருக்கும் செல்லுமா என்று கேட்டுவிடுங்கள்.