எந்த அறிவிப்பு எந்த வேலைக்கு? கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகளுக்குச் சில வானிலைக் குறிப்புகள்

மார்கழி பிறந்தால் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளை. மேலே ‘தளியில் உறைபனி, தக்காளி விவசாயிகள் உஷார்’ என்று கொட்டை எழுத்து. படம் பெரும்பாலும் ஊட்டிப் பக்கம் எடுத்ததாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்: “சார், வரப்புல வைக்கோல் கொளுத்தி வெச்சிடட்டுமா?”

ஓசூர், கெலமங்கலம், ராயக்கோட்டை, பாலக்கோடு எனப் பயிர் ஆலோசனைக்காகச் சுற்றுபவன் நான். வானிலை மையம் சொல்வதை வயல் வேலையாக மாற்றிச் சொல்வது என் தினசரிப் பாடு. நான் பார்த்தவரை, அறிவிப்பு பொய்த்து வருகிற நஷ்டத்தைவிட, ஒரு வேலைக்கு வந்த அறிவிப்பை வேறொரு வேலைக்கு எடுத்துக்கொள்வதால் வருகிற நஷ்டமே பெரிது.

உறைபனியை முதலில் முடித்துவிடலாம். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி என்று எச்சரிப்பது பெரும்பாலும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஓசூர் 900 மீட்டர் அளவு. தளி அதைவிடச் சற்று மேடு. நம் ஓசூர் உயரத்தில்தான் பெங்களூருவும் இருக்கிறது. அங்கே பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884 ஜனவரி 13 அன்று. அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலங்கள் வந்து போய்விட்டன, அந்த அளவுக்கு இறங்கவில்லை.

இதை வைத்து நம் பயிருக்குக் குளிரால் ஆபத்தே இல்லை என்று இருந்துவிடவும் முடியாது. வானிலை நிலையத்தில் வெப்பமானி இருப்பது தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள். மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அப்போது புல் மட்டத்தில் அந்தப் பெட்டி காட்டுவதைவிட மூன்று, நான்கு டிகிரி குறைவாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருக்கும் உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய வெப்பமானி 13 காட்டும்போது, ஓடையோரத் தக்காளி வயலில் 8 இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி, வயலின் ஆகத் தாழ்ந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். பகலில் வெயில் படாதபடி மேலே ஒரு மறைப்பு போதும். விடிவதற்குச் சற்று முன்னால் போய்ப் பாருங்கள். ஊரில் சுற்றும் எண்ணைவிட இந்த எண் உங்கள் பயிருக்கு நெருக்கமானது.

பனிக்கட்டி கட்டாவிட்டாலும் குளிர் தன் வேலையைச் செய்யும். இரவு வெப்பநிலை 13 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் தக்காளியில் மகரந்தம் கெட்டுப் பிஞ்சு பிடிப்பது குறையும். பூ கொட்டுகிறதே என்று டானிக் வாங்கி அடிப்பவர்கள் முதலில் வெப்பமானியைப் பார்க்கட்டும். குளிரைவிடப் பெரிய தொல்லை, இலையில் விடிந்தும் காயாமல் நிற்கும் பனி ஈரம். குளிர்ந்த இரவு, பத்து மணி நேரம் வாக்கில் காயாத இலை, இரண்டும் நாலைந்து நாள் சேர்ந்து வந்தால் பின்கருகல் நோய்க்கு வேறு எதுவும் வேண்டாம். காலை ஏழு மணிக்கு அடியிலையைத் திருப்பிப் பாருங்கள். கருகிய திட்டின் ஓரத்தில் மெல்லிய வெண்பூசணம் தெரியும். ஒன்பது மணி வெயிலில் போனால் அது காய்ந்து, வெறும் கருகல் மாதிரி ஏமாற்றும். அதனால் ‘அதிகாலையில் லேசான பனிமூட்டம்’ என்று அறிக்கையில் சாதாரணமாக வரும் வரி நமக்கு முக்கியமானது. மாவில் பூ எடுக்கும் தை, மாசியில் சாம்பல் நோய்க்கும் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

வைக்கோல் விஷயம்: புகை, தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் தடுக்காது. தீயின் சூடு பக்கத்தில் நாலு செடிக்குக் கொஞ்சம் உதவலாம். அதற்கு மாட்டுத் தீவனத்தை எரிப்பது வீண். அன்று பகலிலேயே ஒரு தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக வைப்பது பலன் தரும், ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைத்து இரவில் மெதுவாக விடும். நாற்றங்காலுக்கு மேல் சாயங்காலம் வலையோ சாக்கோ போட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். பசுமைக்குடில் ரோஜாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரண பாலித்தீன் தாள் வெப்பக் கதிரை வெளியே விட்டுவிடும், ஆகையால் பக்கத் திரைகளை இறக்கிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்க முடியாது. உள்ளே குளிரும் ஏறும், ஈரமும் ஏறும். விடிந்ததும் திரையைத் தூக்கி ஈரக்காற்றை வெளியேற்றாவிட்டால் பிப்ரவரி 14க்கு என்று கவாத்து செய்த மொட்டெல்லாம் பூசணத்துக்குப் போகும்.

எந்த இரவு குளிரும் என்று சாயங்காலமே ஓரளவு தெரியும். மேகமில்லை, இலை அசையவில்லை, அடுப்புப் புகை மேலே ஏறாமல் ஓட்டின் மேலேயே படுத்துக் கிடக்கிறது என்றால் அன்று பள்ளத்து வயலுக்கு ஒரு தண்ணீர் விடுங்கள்.

இனி மழை. கேள்வியிலிருந்து தொடங்குவோம். ‘நாளைக்குக் கடலை பிடுங்கலாமா?’ என்று கேட்பவருக்கு ஏப்ரலில் வந்த பருவமழைக் கணிப்பு எதற்கும் ஆகாது. ‘இந்த வருஷம் எத்தனை ஏக்கரில் தக்காளி வைக்கலாம்?’ என்று யோசிப்பவருக்கு ஐந்து நாள் அறிக்கை உதவாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்மேற்குப் பருவமழையின் நீண்டகாலக் கணிப்பை ஏப்ரல் நடுவில் வெளியிட்டு, மே கடைசியில் புதுப்பிக்கிறது. டிவியில் ஓடும் ‘இயல்பான மழை’ என்பது நாடு முழுவதற்குமான சராசரி. அந்தச் சராசரி 87 சென்டிமீட்டர். அதில் 96 முதல் 104 சதவீதம் பெய்தால் இயல்பு. அதை அப்படியே பென்னாகரத்துக்கு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016ஐப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை நாட்டளவில் 97 சதவீதம், அதாவது இயல்பு. அதே வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இரண்டு பருவமழையும் வேண்டும். ஆகவே செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வரும் வடகிழக்குப் பருவமழைக் கணிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல் நினோ (பசிபிக் கடல்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாவது) என்று கேட்டதும் பதறுபவர்களுக்கு: அது தென்மேற்கைப் பலவீனமாக்கும், வடகிழக்குக்குப் பெரும்பாலும் சாதகமாகவே இருக்கும். 2015இல் நாட்டளவில் மழை 86 சதவீதம்தான்; அந்த வருஷக் கடைசியில்தான் சென்னை மூழ்கியது.

நீண்டகாலக் கணிப்பு தேதி சொல்லாது. எவ்வளவு கடன் வாங்குவது, தீவனம் சேர்த்து வைப்பதா, தண்ணீர் கேட்கும் தக்காளியைக் குறைத்து ராகி, சாமை, கொள்ளைக் கூட்டுவதா என்ற முடிவுகளுக்கு மட்டும் அதை வையுங்கள்.

வியாழக்கிழமை தோறும் நான்கு வாரங்களுக்கு ஒரு கணிப்பு வருகிறது. நம் பக்கம் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. முதல் இரண்டு வாரம் நம்பகமாக இருக்கும். மூன்றாவதும் நான்காவதும் போக்கு மட்டும் காட்டும். தக்காளி நாற்று விட்டு நடவுக்கு மூன்று நான்கு வாரம் ஆகிறதே, அந்த இடைவெளிக்கு இது பொருத்தம். புளி உலுக்க ஆள் பேசும்போதும் பார்க்கலாம்.

அன்றாடம் சோறு போடுவது ஐந்து நாள் அறிக்கை. செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாகப் பயிர் ஆலோசனையோடு வருகிறது. மேக்தூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கும். பிடுங்கிய கடலை, அறுத்த ராகிக் கதிர், மேலுரமாகப் போடும் யூரியா, மருந்தடிப்பு எல்லாவற்றுக்கும் இதுதான். வாசிக்கும்போது ‘ஓரிரு இடங்களில்’ என்பதைக் கவனியுங்கள். மழை அளவு எடுக்கும் நிலையங்களில் கால் பங்குக்குள்தான் மழை என்று பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதி வரை, ‘அநேக இடங்களில்’ என்றால் முக்கால் வரை. ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்ன நாளில் உங்கள் ஊரில் தூறல்கூட விழாததற்கு அறிவிப்பைத் திட்டுவது நியாயமில்லை.

இன்னொரு சிக்கல், கிருஷ்ணகிரி மாவட்டம் ஒரே மாவட்டமாக இருப்பது! தளி 900 மீட்டருக்கு மேல், கிருஷ்ணகிரி நகரம் 500 வாக்கில், ஊத்தங்கரை அதைவிடத் தாழ்வு. ஜூன், ஜூலையில் மேற்கே தூறிக்கொண்டே இருக்கும். கிழக்கே காற்று மட்டும் வீசும். புயல் மழையில் இது தலைகீழ். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்துவிட்டதே, இனி என்ன என்று இருந்தவர்கள் ஏராளம். டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. நம் மாவட்டங்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 85 சென்டிமீட்டர் அளவுதான். ஏரி நீர் புகுந்து ஊத்தங்கரையில் வண்டிகளை இழுத்துப்போன காட்சியை எல்லோரும் பார்த்தோம். அதே மாவட்டத்தின் ஓசூரில் அப்படி எதுவும் இல்லை.

வண்ண எச்சரிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. அதிகனமழைக்குத் தரும் சிவப்புக்கு மேல் நிறம் கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, 50க்கும் சிவப்பு. ஆகவே புயல் கரையைக் கடந்த பிறகு எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பாருங்கள். நின்று நகரும் தாழ்வு மண்டலம் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். அப்படியான இரவில் ஏரிக்குக் கீழே இருப்பவர்கள் மோட்டாரையும் மாட்டையும் மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும், நிறம் எதுவானாலும்.

கடைசியாக, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் வரும் அறிவிப்பு. சித்திரை, வைகாசியில் மாங்காயை உதிர்க்கும் சூறைக்காற்றுக்கும் இடிக்கும் இதுதான் கதி. ஆனால் சென்னை ரேடாரிலிருந்து கிருஷ்ணகிரி நேர்க்கோட்டில் 230 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமி வளைவதால் அது அனுப்பும் அலைகளில் ஆகத் தாழ்ந்த கற்றையே நம் தலைக்கு மேல் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. கோடை இடிமேகம் அதைத் தாண்டி வளர்வதால் தெரிந்துவிடும்; ஆடித் தூறல் மேகம் அதற்கு அடியிலேயே ஓடிவிடும். ரேடார் படத்தில் வானம் சுத்தமாக இருக்கிறதே என்று ராகியைச் சாலையில் கொட்டிவிட்டுப் போனால் நனையும். மின்னலுக்கு தாமினி செயலியை வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வந்தால் செயலியைத் திறக்க நிற்க வேண்டாம், புளியமரத்தடியை விட்டு வெளியே வாருங்கள்.

2024 அக்டோபரிலிருந்து ஊராட்சி அளவிலும் ஐந்து நாள் கணிப்பு தருகிறார்கள். 2025 மே மாதத்திலிருந்து 6 கிலோமீட்டர் கட்டங்களாகக் கணக்கிடும் பாரத் முன்கணிப்பு முறையும் வந்துவிட்டது. கட்டம் சிறிதானாலும் உங்கள் ஊரின் குன்றும் பள்ளமும் அதற்குள் முழுதாக வராது. அதனால் ஒரு மழைமானி வாங்கி, மரத்துக்கும் சுவருக்கும் தள்ளித் திறந்த வெளியில் வையுங்கள். காலை 8.30 மணிக்கு அளந்து நாட்காட்டியில் எழுதுங்கள். அரசுக் கணக்கும் அந்த நேரத்தில்தான் நாளை மாற்றுகிறது. ஞாயிறு சாயங்காலம் பெய்தது திங்கள் கணக்கில் வருவது அதனால்தான். ஒரு மி.மீ. என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், 10 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு 40,000 லிட்டர் இறங்கியிருக்கிறது, அன்று சொட்டுநீரை நிறுத்திவிடலாம். அறிக்கை சொன்னதைப் பக்கத்திலேயே குறித்துவந்தால், இரண்டு பருவத்தில் எந்த அறிவிப்பை உங்கள் ஊருக்கு எவ்வளவு தள்ளுபடி செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். பயிர்ச் சந்தேகத்துக்கு கிசான் கால் சென்டர் 1800-180-1551, வெள்ளம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.