வேலை முடிந்து வந்த காரில் டேஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா?

போன வாரம் கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர் காரைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் முன்சக்கர பேரிங் மாற்றியிருக்கிறார். மறுநாளே ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) விளக்கு மஞ்சளாக எரிந்திருக்கிறது. "ஓட்ட ஓட்டப் போயிடும்னு சொன்னாங்கண்ணே" என்றார். மூன்று வாரமாக அப்படியே குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

காரில் மாட்டிப் பழுதைப் படிக்கும் ஸ்கேனரில் இடது முன்சக்கர சென்சார் என்று வந்தது. சென்சாரில் பழுதில்லை. பேரிங்கைக் கழற்றினேன். இப்போது வரும் பல பேரிங்குகளில் ஒரு பக்கம் மட்டும் காந்தப் பட்டை இருக்கும்; அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்புதான். சின்னக் குண்டூசியை வைத்தேன், வெளிப்பக்கத்தில் மெல்ல ஒட்டியது. பேரிங்கைப் பக்கம் மாற்றி அடித்து இறக்கிவிட்டார்கள். சக்கரம் சுற்றுவதே சென்சாருக்குத் தெரியவில்லை. அழுத்திக் கழற்றிய பேரிங்கை மறுபடி போட முடியாது, இன்னொரு புதுசு வாங்க வேண்டியதாயிற்று.

வேலைக்குப் பின் வந்த விளக்கு என்றால் கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். சென்சார் வயரை இணைக்கும் கப்ளரைச் செருக மறந்திருக்கலாம், வயர் நசுங்கியிருக்கலாம். நம் ஊர் உப்புக்காற்றில் கப்ளர் பின்னில் பச்சை பூத்திருக்கும்; கழற்றி மாட்டியதும் தொடர்பு விட்டுப்போகும்.

மஞ்சள் மட்டும் எரிந்தால் பிரேக் பிடிக்கும். ஆனால் மழை ரோட்டில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

சிவப்பு என்றால் முதலில் ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் பிரேக் ஆயில் டப்பா. பிரேக் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், புது பேட் போட்டதும் ஏற வேண்டும். புது பேட் போட்ட பிறகும் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. மேலே ஊற்றி நிரப்பிவிட்டால் விளக்கு அணைந்துவிடும், கசிவு நிற்காது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் லைனில் காற்று இருக்கக்கூடும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் பின்சக்கரம் முந்திப் பூட்டி வண்டியே சுழன்றுவிடலாம். தயவுசெய்து ஓட்டி வராதீர்கள், போன் போடுங்கள்.

ஸ்கேனரில் எரரை அழித்துக் கொடுத்தால் விளக்கு அணைந்துதான் இருக்கும், கொஞ்ச தூரம் ஓடியதும் திரும்ப வரும். பணம் கொடுக்குமுன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதையும் அங்கேயே கேளுங்கள்.