தூய்மைப் பணி தனியாருக்குப் போகிறதா? உங்கள் பணிக்காலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

திருநெல்வேலி மாநகராட்சியின் நான்கு மண்டலங்களிலும், அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு நகராட்சிகளிலும் விடியும் முன்பே தெருவில் இறங்குகிற தூய்மைப் பணியாளர்களுக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மாவின் பி.எஃப். கணக்கைக் கைபேசியில் திறந்து பார்ப்பதும், நிறுவனம் நீட்டுகிற படிவத்தைப் படித்துச் சொல்வதும் பெரும்பாலான வீடுகளில் அவர்கள்தான்.

ஒரே தெருவைக் கூட்டுகிறவர்களில் ஒருவர் நிரந்தர ஊழியராக இருப்பார். இன்னொருவர் சுய உதவிக் குழு வழியாக வந்தவர், மூன்றாமவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். வேலை ஒன்று, ஆனால் கூலியும் உரிமையும் வேறு. 2022 அக்டோபரில் நகராட்சி நிர்வாகத் துறை வெளியிட்ட அரசாணை 152, சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றியமைத்து, அடிநிலைப் பணிகள் பலவற்றை வெளிமுகமைக்கு, அதாவது வெளி நிறுவனங்களின் ஆட்களைக் கொண்டு செய்யும் முறைக்கு, விட வழிசெய்தது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு இரண்டு மண்டலத் தொழிலாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். மாதம் ஏறத்தாழ 23 ஆயிரம் ரூபாய் வாங்கிய கை, தனியார் நிறுவனத்துக்குப் போனால் 17 ஆயிரத்துக்கு இறங்கும் என்பதே அவர்களின் முதல் முறையீடு. அதற்கு அடுத்த முறையீடு அவ்வளவாக வெளியே பேசப்படவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்த பணிக்காலம் ஒரே நாளில் பூஜ்யமாகிவிடும் என்ற அச்சம் அது. நான் சொல்ல வருவது அதைப் பற்றித்தான்.

சட்டம் சொல்வது இரண்டில் ஒன்று

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஆட்குறைப்புக்கு 25எஃப், நிர்வாகம் கைமாறுவதற்கு 25எஃப்எஃப் என்று இரு பிரிவுகள் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுகள் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் 70, 73 என்று மாறின. உள்ளடக்கம் பெரிதும் அப்படியே இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் உடைமையோ நிர்வாகமோ இன்னொருவர் கைக்கு மாறினால், முந்தைய முதலாளி தன் தொழிலாளர்களுக்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் தரவேண்டும் என்பது பொது விதி. இழப்பீடு தராமல் விடவேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும். தொழிலாளியின் பணி இடையில் அறுபடக் கூடாது. புதிய இடத்தில் கூலியும் பணி நிபந்தனைகளும் பழையதைவிடக் குறையக் கூடாது. பின்னாளில் புதிய முதலாளி ஆட்குறைப்புச் செய்தால், பழைய ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு இழப்பீடு தர அவர் சட்டப்படி கடமைப்பட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இழப்பீடு வந்தே ஆகவேண்டும். பணிக்காலத்தையும் தொடர விடாமல் பணத்தையும் கொடுக்காமல் அனுப்பிவிட எந்த வழியும் இல்லை. ஆனால் நடைமுறையில் நடப்பது பெரும்பாலும் சட்டத்தில் இல்லாத இந்த வழிதான். கேட்பார் இல்லாததால் நடக்கிறது.

“நாங்கள் நிர்வாகத்தை மாற்றவில்லை, வேலையை மட்டும் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறோம்” என்று உள்ளாட்சி நிர்வாகம் வாதாடலாம். அப்படியானால் பழைய தொழிலாளியை நிறுத்தியது ஆட்குறைப்பு ஆகிறது, பிரிவு 70 வந்து நிற்கிறது. கடந்த 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரைக் காரணம் குறிப்பிட்ட ஒரு மாத எழுத்து முன்னறிவிப்பு அல்லது ஒரு மாதக் கூலி, அதோடு ஆண்டுக்கு 15 நாள் சராசரிக் கூலி வீதம் இழப்பீடு இல்லாமல் நிறுத்த முடியாது. கூலியோடு கூடிய வார விடுமுறையும் 240-இல் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நிறுத்தவேண்டும் என்ற வரிசையும் உண்டு. ஓராண்டுக்குள் அதே இடத்தில் மீண்டும் ஆள் எடுத்தால் நிறுத்தப்பட்டவருக்கு முன்னுரிமை தரவேண்டும்.

தொழிற்சாலைக்குத்தான் இந்தச் சட்டம், மாநகராட்சிக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நாக்பூர் மாநகராட்சி வழக்கில் 1960-இலும், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978-இலும் உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிகளின் இத்தகைய சேவைகளைத் தொழில் என்றே கொண்டது.

கணக்கு எவ்வளவு வரும்?

மேலப்பாளையத்தில் 11 ஆண்டும் 7 மாதமும் வேலை பார்த்த ஒருவரின் நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால் அவருக்கு 12 ஆண்டு. ஆண்டுக்கு 15 நாள், அதாவது 7,500 ரூபாய். ஆட்குறைப்பு இழப்பீடு மட்டும் 90,000 ரூபாய் ஆகிறது. இதில் கலக்காமல் தனியே வரவேண்டியது பணிக்கொடை. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு அதே 15 நாள் கணக்கில் இன்னொரு 90,000. முன்னறிவிப்பு தரப்படாவிட்டால் ஒரு மாதக் கூலி. புதிய சட்டத்தொகுப்பின்படி, நிறுத்தப்படும் ஒவ்வொருவருக்காகவும் முதலாளி 15 நாள் கூலியை மறுபயிற்சி நிதிக்குக் கட்டவேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். நிலுவைக் கூலி இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்கப்பட வேண்டும் என்பது ஊதியச் சட்டத்தொகுப்பின் விதி.

இவ்வளவு பெரிய தொகையை, “நாளையிலிருந்து அந்தக் கம்பெனி வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்” என்ற ஒற்றை வாக்கியத்தில் அழித்துவிடுகிறார்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

கையெழுத்து

பொறுப்பு கைமாறும் வாரத்தில் பல தாள்கள் வரும். புதிய நிறுவனத்தின் சேர்க்கைப் படிவம் ஒன்று. பழைய இடத்திலிருந்து “சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்”, “எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை” என்று எழுதிய தாள் இன்னொன்று. முதல் தாளில் கையெழுத்திடலாம். இரண்டாவதில் இடக் கூடாது. தானாக விலகியவர் ஆட்குறைப்பு செய்யப்பட்டவர் ஆகமாட்டார். சட்டத்தின் விளக்கமே விருப்ப விலகலை வெளியே வைத்திருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் 2024-இல் விருப்ப ஓய்வுப் படிவத்தோடு பட்ட பாட்டை அறிவோம். அது தனியார் தோட்டம், காரணமும் வேறு. ஆனாலும் தாளில் பெருவிரலை வைத்த பிறகு அதை மீட்பது எவ்வளவு கடினம் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். புதிய நிறுவனத்தில் சேர்ந்தே தீரவேண்டிய நிலை இருந்தால், “முந்தைய பணிக்காலத்துக்கான என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் சேர்கிறேன்” என்று கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள். எழுத விடாவிட்டால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அந்த வரியை ஆணையருக்கு அனுப்புங்கள்.

முதலாளி யார் என்ற கேள்வி

குழு வழியாக வந்தவர்களுக்கும் ஒப்பந்தக்காரரிடம் இருந்தவர்களுக்கும் முதல் சுவர் இதுதான். “நீங்கள் எங்கள் ஆட்களே இல்லை” என்று மாநகராட்சி சொல்லும். 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே நிரந்தரம் ஆகிவிடமாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஒப்பந்தம் வெறும் பெயரளவு ஏற்பாடு என்று நிரூபித்தால், அவர்கள் மூல முதலாளியின், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரின், தொழிலாளர்களே என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் சான்றுகள் முக்கியமாகின்றன. வருகையை யார் பதிந்தார்? எந்த வார்டு, எந்தத் தெரு என்று தினமும் சொன்னது குழுத் தலைவியா, மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளரா? விடுப்பு யாரிடம் கேட்டீர்கள்? தள்ளுவண்டியும் பேட்டரி வண்டியும் யாருடையவை?

240 நாள் வேலை செய்ததைத் தொடக்கத்தில் காட்டவேண்டிய பொறுப்பு தொழிலாளியுடையது. மஸ்டர் ரோல் எனும் வருகைப் பதிவேடு நிர்வாகத்திடம்தான் இருக்கும். அதைத் தாக்கல் செய்யச் சொல்லி மனுப்போடலாம். கொண்டுவராவிட்டால் நீதிமன்றம் நிர்வாகத்துக்கு எதிராக ஊகிக்கலாம். அதுவரை உங்கள் கையில் இருக்கவேண்டியவை: அடையாள அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் எல்லாப் பக்கங்களும், பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, கொரோனாக் காலத்தில் கொடுத்த அனுமதிச் சீட்டு, மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலை உத்தரவுகளின் படங்கள். குழு வழியாகக் கூலி வாங்கியவர்கள் குழுவின் வங்கி அறிக்கையையும் தீர்மானப் புத்தகத்தையும் நகலெடுத்து வையுங்கள். மாநகராட்சியின் பணம் மாதாமாதம் குழுக் கணக்கில் விழுந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. குழு கலைக்கப்படும்போது முதலில் காணாமல் போவதும் அந்தப் புத்தகங்கள்தான்.

பி.எஃப். பாஸ்புக்கைப் பற்றி ஒன்று. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதிய எண் தொடங்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருவருக்கு யு.ஏ.என். எனும் பி.எஃப். பொது எண் ஒன்றே ஒன்றுதான். அடுத்தடுத்த ஒப்பந்தக்காரர்களின் பெயரும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் வரிசையாக நிற்கும். முதலாளி கட்டவேண்டிய 12 சதவீதத்தையும் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடிப்பது குற்றம். பிடித்தும் கட்டாமல் விட்டிருந்தால் என்.ஜி.ஓ. காலனியில் உள்ள பி.எஃப். மண்டல அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தக்காரர் ஓடிப்போனாலும் மூல முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. கூலி பாக்கிக்கும் அதே விதிதான். குறைந்தபட்சக் கூலிக்கு 2017-ஆம் ஆண்டின் அரசாணை 2டி எண் 62-ஐயும், மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் நாள் கூலியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எங்கே மனுக் கொடுப்பது?

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் போகிறோம். போகலாம், தவறில்லை. ஆனால் அந்த மனு தொழில் தகராறு ஆகாது, அதனால் காலக்கெடுவும் நின்றுவிடாது. வேலை இழந்தவர் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம், தனிமனிதத் தொழில் தகராறு என்று தலைப்பிட்டு மனுக் கொடுக்கவேண்டும். சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவரும் தனியாகக் கொடுக்கலாம். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து 45 நாளில் தீர்வு வராவிட்டால் நேராக நீதிமன்றம் போகலாம். புதிய தீர்ப்பாயங்கள் அமையும்வரை திருநெல்வேலித் தொழிலாளர் நீதிமன்றம் போன்ற பழைய மன்றங்களே விசாரிக்கின்றன. காலக்கெடு முன்பு மூன்று ஆண்டாக இருந்தது. புதிய தொகுப்பில் வேலை போன நாளிலிருந்து இரண்டு ஆண்டு. எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டிருந்தாலும் இரண்டு ஆண்டு என்றே மனத்தில் கொண்டு ஓடுங்கள்.

ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்தவுடனேயே, வேலை இருக்கும்போதே சங்கத்தின் மூலம் தகராறு எழுப்புவது இன்னும் நல்லது. சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, தகராறுக்கு உட்பட்ட பணி நிபந்தனைகளை முதலாளி தன்னிச்சையாக மாற்றக் கூடாது. காசியாபாத் மாநகராட்சியின் தோட்டப் பணியாளர்கள் இப்படித் தகராறு நிலுவையில் இருந்தபோது நிறுத்தப்பட்டார்கள். 2025 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் வேலையில் சேர்க்கவும், இடைக்காலக் கூலியில் 50 சதவீதம் தரவும் உத்தரவிட்டது. இருபது ஆண்டு கழித்து வந்த நீதி. ஆனாலும் உள்ளாட்சித் தினக்கூலிகளுக்குப் பெரிய ஆயுதம் அது. உங்கள் வழக்கறிஞரிடம் அந்தத் தீர்ப்பைக் கேளுங்கள்.

வேலைநிறுத்தம் உரிமைதான். 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமலோ, சமரசப் பேச்சு நடக்கும்போதோ செய்தால் சட்டவிரோதமாகி அபராதத்துக்கும் கூலிப் பிடித்தத்துக்கும் இடம் கொடுக்கும். கோபத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உட்காருமுன் நோட்டீஸ் தேதியை எண்ணிக்கொள்ளுங்கள்.

480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்ற 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பலரும் கேட்கிறார்கள். உள்ளாட்சிக்கு அது பொருந்துமா என்பதில் நீண்ட வழக்காடல் உண்டு. அதை மட்டும் நம்பி இழப்பீட்டுக் கோரிக்கையை விட்டுவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

வக்கீல் செலவுக்கு அஞ்சி நிற்பவர்கள் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்குப் போய், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் உதவி கிடைக்கும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தூய்மைப் பணியாளர்களில் அநேகமாக எல்லோருமே இதற்குள் அடங்குவார்கள். ஒப்பந்தத்தின் நகலும், அதில் ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு கூலி காட்டப்பட்டிருக்கிறது என்பதும் வேண்டுமென்றால், தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். ஒப்பந்தத்தில் காட்டிய கூலிக்கும் கையில் வந்த கூலிக்கும் வேறுபாடு இருந்தால், அந்தப் பதிலையே சமரச அலுவலரிடம் கொடுக்கும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.