ஷூ பெட்டியில் வந்த வல்லூறு

போன மே மாதம் கீழக்கரைப் பக்கமிருந்து ஒரு தம்பி ஷூ பெட்டியோடு வந்தான். ஆடும் கோழியும் பார்க்கிற மேசையில் அதைத் திறந்தால், உள்ளே ஒரு வல்லூறுக் குஞ்சு, சின்ன வகை வேட்டைப் பறவை. காலில் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலான் நூல், கட்டியிருந்தது. அது இழுத்து இழுத்துத் தோல் அறுந்து, ரத்தம் காய்ந்து கிடந்தது.

“சாப்பிட மாட்டேங்குது டாக்டர். நிக்கச் சொன்னா சாயுது.”

வேப்பமரக் கூட்டிலிருந்து எடுத்ததாம். அவனுடைய காக்கா, அதாவது அண்ணன், துபாயில் வேலை பார்க்கிறார். அங்கே அரபிகள் ராசாளி என்கிற பெரிய வேட்டைப் பறவையைப் பழக்குவதை வீடியோ எடுத்து அனுப்புவாராம். “பசியோட வச்சாத்தான் கைக்கு வரும்னு காக்கா சொன்னாங்க.” அதனால் இரண்டு நாள் பட்டினி. அதற்கு முன்னால் சூடை மீனும், எலும்பில்லாத கோழிக்கறியும்.

காக்கா சொன்னது பொய்யில்லை. அதுதான் சிக்கலே.

வேட்டைப் பறவையைப் பழக்குவது பசியை வைத்துத்தான். ஆனால் அந்தப் பசிக்குத் தராசு உண்டு. தேர்ந்தவர்கள் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுகிறார்கள். அன்றைய தீனி அந்த எண்ணைப் பார்த்துத்தான். முதலில் கையுறையில் உட்கார்ந்து தின்னப் பழகும். அப்புறம் ஓரடி தாவி வரும். பிறகு நீளக் கயிறு, கடைசியில்தான் கயிறில்லாமல். வளைகுடாவில் பழக்கும் பெரிய ராசாளி ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதில் முப்பது கிராம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. வல்லூறு மொத்தமே நூற்றுச் சொச்சம் கிராம். அதே முப்பது போனால் உடம்பில் கால்வாசி போன மாதிரி. சின்ன உடம்பு சீக்கிரம் எரித்துவிடும். சின்னப் பறவை பழக்குகிறவர்கள் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை தீனி போடுவது இதனால்தான். இரண்டு நாள் பட்டினி என்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தலை சாய்ந்து, வலிப்பு வந்து முடிந்துவிடும்.

என் நகைத் தராசு 88 கிராம் காட்டியது. தராசைவிட நான் விரலைத்தான் நம்புவேன். நெஞ்சைத் தடவினேன். இரண்டு பக்கமும் சதையே இல்லை, நடு எலும்பு கத்தி விளிம்பு போல விரலில் பட்டது. முதலில் வெதுவெதுப்பு, பிறகு நீர்ச்சத்து, அதற்கப்புறம்தான் தீனி. காய்ந்து கிடந்த வயிற்றில் உடனே கறியைத் திணித்தால் அதுவே எமன்.

பிழைத்தது. ஆனால் கால் எலும்பு வளைந்துவிட்டது. தாய்ப்பறவை ஓணானையும் எலியையும் எலும்போடு கிழித்து ஊட்டும். சுண்ணாம்புச் சத்து அதில்தான். வெறும் சதையில் அது கிடையாது. மனிதக் கையில் தின்று வளர்ந்த குஞ்சு நம்மைத்தான் தாய் என்று நினைக்கும், ஆளைக் கண்டால் கத்தும். அதை வெளியே விட்டால் வேட்டையாடத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைத்தேன்.

வடக்கே அந்தக் காலத்தில் வல்லூறை உள்ளங்கையில் ஏந்தி, பந்து போல எறிந்து காடை பிடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதை ‘ஷிக்ரா’ என்பதே இந்தியிலிருந்து போன சொல். வேட்டைப் பறவைகளைப் பழக்கி வேட்டையாடும் கலையை யுனெஸ்கோ 2010-இல் பண்பாட்டுச் செல்வமாகச் சேர்த்தது. அமீரகத்தில் ராசாளிக்குப் பாஸ்போர்ட்டே உண்டு. சரி, இங்கே? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வல்லூறைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அந்தச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலான அட்டவணை ஒன்றில் உள்ள உயிருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது முகம் வெளுத்துப் போனான். பாவம், அவனுக்கு ஆசைதான், கெட்ட எண்ணம் இல்லை.

வேம்பு, புளி, உடைமரம் எதன் கீழாவது இறகு முளைத்த குஞ்சு தத்தித் தத்தி நின்றால் எடுத்து வர வேண்டாம். அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாயோ பூனையோ வந்தால் எட்டுகிற கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, மூடி, நிழலில் வையுங்கள். பால்சோறு ஊட்டாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

காலில் தங்கூசி இருந்தால் நீங்கள் இழுக்க வேண்டாம். சதைக்குள் இறங்கியிருக்கும். அப்படியே கொண்டு வாருங்கள், நான் வெட்டிக்கொள்கிறேன்.