சுரப்பியே இல்லாதவருக்கு ஹார்மோன் எப்படிக் கூடும்?

புற்றுநோய்க்காகத் தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்தாயிற்று. சில மாதம் கழித்து வரும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 0.08. பக்கத்திலேயே 'குறைவு' என்று தடித்த எழுத்து. டி.எஸ்.எச். இப்படி இறங்கினால் உடலில் தைராய்டு ஹார்மோன் கூடியிருக்கிறது என்று பொருள். சுரப்பியே இல்லையே, எங்கிருந்து கூடியது?

தினமும் காலையில் போடும் மாத்திரையிலிருந்துதான். பெரும்பாலும் அது மருத்துவர் தெரிந்தே கூட்டிய அளவு.

டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை: சுர, வளர். பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைப் புற்றுநோய்கள் தைராய்டு செல்களிலிருந்தே பிறப்பவை. தறிகெட்டுப் போன பிறகும் அவற்றில் பலவற்றுக்கு இந்தக் கட்டளை கேட்கும். அறுவை சிகிச்சைக்குத் தப்பி நாலைந்து செல்கள் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், டி.எஸ்.எச். அவற்றுக்குத் தீனி. ரத்தத்தில் ஹார்மோன் தாராளமாக இருந்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்தக் காலை மாத்திரையை, அதாவது லெவோதைராக்சினை, தேவைக்குச் சற்று மேலே கொடுக்கிறார்கள். (மெடுல்லரி வகை வேறு செல்லில் தோன்றுவது, அதற்கு இந்த உத்தி பயன்படாது.)

பிட்யூட்டரியின் கூர்மை வியக்க வைப்பது. ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் இரண்டு மடங்கு ஏறினால் டி.எஸ்.எச். ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகச் சரியும். டி4 இயல்பான எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். தரைதட்டுவது இதனால்தான்.

சரி, உடல் இதைச் சும்மா ஏற்றுக்கொள்ளுமா? எல்லோருக்கும் அப்படி இல்லை. டம்ளரைப் பிடித்த கையில் மெல்லிய நடுக்கம், படுத்த பிறகும் அடங்காத நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை வரலாம். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தவறலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறையலாம். ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவு என்பது தவறு. நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ளவருக்கு டி.எஸ்.எச்.-ஐ 0.1-க்குக் கீழே வைப்பார்கள். அபாயம் குறைந்தவருக்கு 0.5 முதல் 2 வரை போதும். வருடங்கள் கடந்து நோய் தலைகாட்டவில்லை என்றால் பிடியைத் தளர்த்தலாம். "எனக்கு இலக்கு எவ்வளவு?" என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

படபடப்பு வந்தால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றினால் பலன் முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும். அப்புறம், முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வுமுறைகளில் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.