சொல் விளக்கம்: ஒன்றிணைந்த நகர–கவுன்டி

கவுன்டி என்ற சொல் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் வழியாகத்தான் அறிமுகம். 2017-இல் அஸ்வின் வூஸ்டர்ஷயர் அணிக்கு ஆடப் போனபோது ‘கவுன்டி கிரிக்கெட்’ என்று எழுதினால் போதும், எல்லோருக்கும் புரிந்தது. அதே சொல் அமெரிக்க அரசியல் செய்தியில் வரும்போதுதான் தடுமாறுகிறோம். கமலா ஹாரிஸ் முன்பு ‘சான் பிரான்சிஸ்கோ மாவட்ட வழக்கறிஞர்’ ஆக இருந்தவர் என்று படித்திருப்பீர்கள். நம் மனத்தில் எழுவது, மாவட்ட நீதிமன்றத்தில் அரசு நியமித்த ஒரு வக்கீல். ஆனால் அவர் 2003-இல் அந்த ஊர் வாக்காளர்களிடம் ஓட்டுக் கேட்டு, வென்று, அந்தப் பதவிக்கு வந்தவர். சரி, அது நகரத்தின் பதவியா, கவுன்டியின் பதவியா? சான் பிரான்சிஸ்கோவில் இரண்டும் ஒன்றே. அங்கே நகரமே கவுன்டி, கவுன்டியே நகரம். ஆங்கிலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ‘கன்சாலிடேட்டட் சிட்டி–கவுன்டி’ என்று பெயர். தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் சொல்லின் வேர். லத்தீனில் ‘கோமெஸ்’ என்றால் உடன் செல்பவர், துணைவர். பேரரசனோடு கூடவே இருந்தவர்களுக்கு அது பட்டப்பெயரானது. பிரெஞ்சில் அதுவே ‘கோம்த்’ ஆகி ஒரு பிரபுவைக் குறித்தது. அவர் ஆண்ட நிலப்பகுதிக்கு ‘கோந்தே’ என்று பெயர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அந்தச் சொல் அங்கே நுழைந்தது. அங்கே ஏற்கெனவே ‘ஷயர்’ என்ற பிரிவு இருந்தது. வூஸ்டர்ஷயர், யார்க்ஷயர் என்ற பெயர்களின் வாலில் இருப்பது அதுதான். ஷயரில் அரசனின் ஆளாக இருந்தவர் ‘ஷயர் ரீவ்’. அதுவே தேய்ந்து ‘ஷெரீப்’ ஆனது. கௌபாய் படங்களில் மார்பில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வருபவர் அந்த வழி வந்தவர்தான். சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரீப் என்ற கௌரவப் பதவி இருந்தது.

அமெரிக்காவில் இன்று 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் உள்ளன. பத்திரப் பதிவு, நீதிமன்றம், சிறை, சொத்து மதிப்பீடு, தேர்தல் நடத்துவது எல்லாம் பெரும்பாலும் கவுன்டியின் வேலை. தண்ணீர், குப்பை, தெருவிளக்கு போன்றவை நகரத்தின் வேலை. நகரத்தில் குடியிருப்பவர் கவுன்டியிலும் குடியிருக்கிறார். அதனால் வரி இரண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இரண்டு, பல இடங்களில் போலீஸும் இரண்டு.

கவுன்டியை ‘மாவட்டம்’ என்று மொழிபெயர்ப்பது இங்கேதான் காலை வாரிவிடுகிறது. நம் மாவட்டத்தின் தலைவர் கலெக்டர். அவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. சென்னையையே பாருங்கள். 2018-இல் சென்னை மாவட்டத்தை விரிவாக்கி, மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டர் எல்லையோடு பொருத்தினார்கள். வரைபடத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் கலெக்டர் அலுவலகம் தனி, ரிப்பன் மாளிகை தனி. எல்லை ஒன்றாவது வேறு, அரசு ஒன்றாவது வேறு.

அரசு எப்படி ஒன்றாகிறது என்பதற்கு டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டேவிட்சன் கவுன்டியின் புறநகர்கள் மளமளவென்று வளர்ந்தன. அங்கே பாதாளச் சாக்கடை இல்லை, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். தீயணைப்புக்குக்கூடத் தனியாரிடம் சந்தா கட்ட வேண்டும். 1958-இல் நகரத்தையும் கவுன்டியையும் இணைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. நகரத்தில் ஒரு பெரும்பான்மை, நகருக்கு வெளியே ஒரு பெரும்பான்மை, இரண்டும் கிடைத்தால்தான் செல்லும் என்பது விதி. நகரத்தார் ஒப்புக்கொண்டார்கள், வெளியே இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மேயர் பென் வெஸ்ட் காலத்தில் நகரம் புறநகர்ப் பகுதிகளை, அங்கு வாழ்பவர்களிடம் கேட்காமலே, தன்னோடு சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. கூடவே 10 டாலர் வாகன வரி. நகரத் தெருக்களில் கார் ஓட்ட வேண்டுமானால் அந்த வரியைக் கட்டி, கண்ணாடியில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வெளியே குடியிருந்து தினமும் நகரத்துக்குள் வேலைக்கு வருபவர்களை இது கொதிக்க வைத்தது. ஓட்டுரிமை இல்லாத நகரத்துக்கு வரி கட்டுவதா? இணைப்பை எதிர்த்த அதே மக்கள், இந்த நகராட்சியிடமிருந்து தப்பிக்க ஒரே வழி இரண்டையும் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று அமைப்பதுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1962 ஜூன் 28-இல் இரு பக்கமும் ‘சரி’ என்று வாக்களித்தன. 1963 ஏப்ரல் 1-இல் புதிய அரசு பிறந்தது. அங்குள்ளவர்கள் அதைச் சுருக்கமாக ‘மெட்ரோ’ என்கிறார்கள். அதன் முதல் மேயர் பெவர்லி பிரைலி. அவர் அதற்குமுன் ‘கவுன்டி ஜட்ஜ்’. இதை ‘மாவட்ட நீதிபதி’ என்று எழுதிவிடக் கூடாது. அன்றைய டென்னசியில் கவுன்டி நிர்வாகத்தின் தலைவருக்கே அந்தப் பெயர்.

ஒன்றாக்கிவிட்டால் எல்லோருக்கும் ஒரே வரியா? இல்லை. கவுன்டி முழுவதும் பொதுச் சேவைப் பகுதி: பள்ளி, போலீஸ், நீதிமன்றம். அதற்குள்ளே நகரச் சேவைப் பகுதி: தெருவிளக்கு, குப்பை அகற்றல் போன்ற கூடுதல் வசதிகளும் அதற்கான கூடுதல் வரியும். வசதி வந்த பிறகுதான் அதற்கான வரி. பச்சை ஸ்டிக்கர் பட்ட காயத்துக்கு இதுதான் மருந்து.

அரசியல் கணக்கு ஒன்றும் இதில் உண்டு. வெள்ளையர் நிறைந்த புறநகர்களைச் சேர்த்தால், நகரத்தில் வளர்ந்துவந்த கறுப்பின மக்களின் வாக்கு வலிமை கரைந்துவிடும். நாஷ்வில்லில் இந்த அச்சம் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அதனால் மன்றத்தைப் பெரிதாக வைத்தார்கள். மொத்தம் 40 உறுப்பினர்கள். 35 பேர் வட்டாரத்துக்கு ஒருவர், 5 பேர் கவுன்டி முழுவதற்கும். வட்டாரம் சிறியதாக இருந்தால் கறுப்பின வேட்பாளர் வெல்ல வழியுண்டு. 2023-இல் மாநிலச் சட்டமன்றம் இந்த மன்றத்தை 20 பேராகச் சுருக்கச் சட்டம் இயற்றியபோது நாஷ்வில் அரசு நீதிமன்றத்துக்குப் போனது. வெறும் எண்ணிக்கைத் தகராறாக அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இண்டியானாபொலிஸில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம் நேரடியாகச் சட்டம் போட்டு, 1970 ஜனவரி 1 முதல் மேரியன் கவுன்டியோடு நகரத்தை இணைத்தது. பெயர் ‘யூனிகவ்’, அதாவது ஓரரசு. ஆனால் பள்ளி வாரியங்களும் நான்கு சிறு நகரங்களும் வெளியே நின்றன. அப்போதைய மேயர் ரிச்சர்ட் லூகர் குடியரசுக் கட்சிக்காரர். புறநகர் வாக்குகள் உள்ளே வந்ததால் 1999 தேர்தல் வரை மேயர் நாற்காலி அந்தக் கட்சியின் கையிலேயே இருந்தது. எல்லைக்கோட்டை மாற்றினால் ஆட்சி எப்படி நிலைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நாஷ்வில் இரண்டை ஒன்றாக்கிய கதை. சான் பிரான்சிஸ்கோ வேறு வழி. 1856-இல் பழைய கவுன்டியின் தென்பகுதியைப் பிரித்து சான் மட்டேயோ கவுன்டி ஆக்கினார்கள். மிஞ்சிய முனை நகர–கவுன்டி ஆனது. 1902-இல் டென்வரும் இப்படித்தான் அரபாஹோ கவுன்டியிலிருந்து தன்னை வெட்டிக்கொண்டது.

இப்போது தமிழுக்கு வருவோம். சோழர் கல்வெட்டுகளில் பல ஊர்கள் சேர்ந்தது ‘நாடு’. அதன் அவை நாட்டார். வணிகர் வாழும் ஊரும் அவர்களின் அவையும் ‘நகரம்’, அவர்கள் நகரத்தார். தொண்டை மண்டலத்தில் நாடுகளுக்கு மேலே ‘கோட்டம்’. அப்புறம் ஓர் அருமையான சொல் கிடைக்கிறது: ‘தன்கூற்று’. உத்தரமேரூரைக் காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று என்று கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாட்டுக்குள் அடங்காமல், தானே ஒரு கூறாக நிற்கும் பேரூர். ‘தனியூர்’ என்பதும் இதே பொருள். டென்வருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. நாஷ்வில்லுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அது பிரிந்து நின்றதல்ல, சேர்ந்து நின்றது.

இந்தப் பழஞ்சொற்களை அப்படியே எடுக்கலாமா? ‘நாடு’ இன்று தேசம் ஆகிவிட்டது. ‘கோட்டம்’ என்றால் கோட்டாட்சியர் நினைவுக்கு வருவார். நாட்டைப் போலவே ஒரு பழைய நிலப்பிரிவின் பெயரான ‘கூற்றம்’ எமனையும் குறிக்கும். ஆகவே கவுன்டியை கவுன்டியாகவே விடுவது நல்லது. கிரிக்கெட் அதை ஏற்கெனவே தமிழாக்கிவிட்டது.

‘கன்சாலிடேட்டட்’ என்ற அடைமொழியில்தான் கவனம் வேண்டும். ‘ஒன்றிய’ என்றால் டெல்லியோ ஊராட்சி ஒன்றியமோ தோன்றும். ‘கூட்டு’ என்றால் இரண்டு தரப்பு இன்னும் தனித்தனியாக இருப்பது போலாகும். ‘ஒருங்கிணைந்த’ என்பது அகராதிப்படி சரிதான், ஆனால் ‘ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டம்’ என்று சொல்லும்போது நாம் குறிப்பது பிரிவதற்கு முந்தைய பழைய மாவட்டத்தை. இங்கே நடந்ததோ அதற்கு நேர்மாறு. எனவே ‘ஒன்றிணைந்த நகர–கவுன்டி அரசு’ என்பதே என் தேர்வு. டென்வர் போலப் பிரிந்து நின்றவற்றுக்குத் ‘தன்கூற்று நகரம்’ என்று எழுத ஆசை.

கடைசியாக ஒரு பதவிப் பெயர். ஹார்வி மில்க் 1977-இல் சான் பிரான்சிஸ்கோவின் ‘சூப்பர்வைசர்’ ஆகத் தேர்வானார். 1978 நவம்பர் 27-இல் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியோடு நகர மண்டபத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை ‘மேற்பார்வையாளர்’ என்று மொழிபெயர்த்தால், ஏதோ ஆலையில் வேலை பார்த்தவர் போல் ஆகிவிடும். கலிஃபோர்னியாவில் கவுன்டி மன்ற உறுப்பினரின் பெயர் அது. அந்த நகரத்தில் மாநகர மன்றமும் அதுவே என்பதால், ‘மாமன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்’ என்று எழுதுங்கள்.